முனீஸ்வரனின் கிளாஸ்

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனாலும் இன்றைக்கு ரங்கூனில் மூன்று சாப்பாட்டுக் கடைகள் என் பெயரில் ஓடுகின்றன. படிப்பு இல்லாவிட்டால் என்ன, எனக்குக் கண் கூர்மை. ஒன்பது வயதிலேயே ஒரு திருடரைக் கையும் களவுமாகப் பிடித்தவள் நான்.

ரங்கூன் லத்தா வட்டாரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது மாமாவின் கள்ளுக்கடை. வெள்ளைக்காரன் காலத்துக் கடை. நடுவில் அரசாங்கம் எடுத்துப் பூட்டிப் போட்டிருந்ததை மாமாதான் மறுபடி திறந்தார். ஜப்பான் சண்டையில் சுற்றிலும் குண்டு விழுந்தும் இந்தக் கடையில் ஒரு ஓடுகூட உடையவில்லையாம். எல்லாம் சுவரில் படமாக மாட்டியிருந்த முனீஸ்வரன் புண்ணியம். ஆற்றுக்கு அக்கரை த்வாண்டே ஊரிலிருந்து காலைப் படகில் கள் வந்ததும் முதல் கிளாஸ் அவருக்குத்தான். அதை வைத்துவிட்டு மாமா பின்கட்டுக்குப் போய்விடுவார். திரும்பி வந்தால் கிளாஸ் காலி.

"பாத்தியா, குடிச்சிட்டான்!" என்பார்.

நான் நம்பவில்லை. ஒரு நாள் பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டேன். பழைய கைலியும் தேய்த்த சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு கிழவர் வந்தார். தினமும் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்தான். மாமா அவரை 'முதலாளி' என்பார். கேலிக்கு என்று நினைத்திருந்தேன். அவர் படத்தைக் கும்பிட்டுவிட்டுக் கிளாஸை எடுத்தார். பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"சாமி கள்ளைத் திருடிக் குடிக்கிறாரு!"

கடையே சிரித்தது. "முனிக்கு மூக்குக் கண்ணாடி எப்பய்யா வந்துச்சு?" என்றார் ஒருவர். கிழவரின் கையில் கள் தளும்பிச் சட்டையில் கொட்டியது. மாமா ஓடி வந்தார். ஒரு பார்வைதான், சட்டென்று சூடத்தைக் கொளுத்தி அவர் முன்னால் காட்டினார்.

"வாய மூடு கழுத! முனி எறங்கியிருக்கான்டி!"

சிரித்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். கிழவர் மட்டும் கிளாஸை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

மூன்று நாள் கிளாஸ் நிறைந்தபடியே இருந்தது. சாயங்காலம் புளித்த கள்ளை மாமா சாக்கடையில் ஊற்றினார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"முதலாளி வீட்டுக்குப் போ. சாமி கோவமா இருக்கு, வேற யாரு வச்சாலும் குடிக்க மாட்டேங்குது, நீங்கதான் வந்து பூசை போடணும்னு கேளு. கைகட்டிக் கேளு."

போனேன், கேட்டேன். கிழவர் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தார். அன்று முதல் பூசாரி அவர். படைத்த கள்ளும் அவருக்கு.

திருடரைப் பிடித்ததும் நான், பூசாரியாக்கியதும் நான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். அரசாங்கம் எடுப்பதற்கு முன்னால் அந்தக் கடையை நடத்தியவர் அவர், அவரிடம் பானை கழுவியவர் மாமா என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரியும். தினமும் அவர் குடித்து முடிக்கும்வரை மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். அது சாமிக்கு என்றே நினைத்திருந்தேன்.