குண்டாற்று மணலுக்கு அம்மா வராத காணும் பொங்கல்

பட்டிமன்ற மேடை ஏறினால் அவையை வணங்கி, எதிரணியின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து உடைப்பது எனக்குப் பழகிய வேலை. அதில் வென்ற கோப்பைகள் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு தட்டுகளை அடைத்து நிற்கின்றன. முதலாண்டு நினைவு நாளுக்கான இந்த மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உங்கள் முன் எனக்கு எதிரணி இல்லை. அம்மாவின் வாழ்வை உள்ளபடி சொல்ல வேண்டும். அவருடைய கடைசி நாளில் என் பங்கு என்ன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்காகவே எழுதுகிறேன்.

அம்மா பந்தல்குடியில் பிறந்தார். தூத்துக்குடி போகும் லாரிகள் நின்று செல்லும் டீக்கடை அவருடைய தந்தையாருக்கு இருந்தது. எட்டாம் வகுப்போடு அம்மாவைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வடைச் சட்டியின் முன் உட்கார வைத்தார்கள். பத்தொன்பது வயதில் எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தார். மூன்று ஏக்கர் மானாவாரி நிலம், இரண்டு மாடுகள், அப்பாவின் முன்கோபம், இவை மூன்றையும் அவர் ஒருசேரப் பராமரித்தார். மழை பொய்த்த ஆண்டுகளில் பிறர் காட்டுக்குப் பருத்தி எடுக்கப் போனார். காய்ந்த பருத்தி ஓடு கிழித்த விரல்களால் எனக்குத் தலை பின்னுவார். வெடிப்புகளில் என் முடி சிக்கும். நான் கத்துவேன். அவர் சிரிப்பார்.

பிறரைப் பற்றி ஒரு குறை அம்மாவின் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. தனக்கென்று ஒன்றைக் கேட்டும் நான் கண்டதில்லை, ஒரே ஒரு முறையைத் தவிர.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொங்கல் விட்ட வீட்டை அந்த மூன்று நாளும் பூட்டக் கூடாது. வீட்டு மருமகள் உள்ளே இருக்க வேண்டும். மூன்றாம் நாளான காணும் பொங்கலன்று நாங்கள் அனைவரும் கட்டுச்சோற்றுடன் திருச்சுழிக்குப் போவோம். கோயிலில் கும்பிட்டுவிட்டுக் குண்டாற்று மணலில் வட்டமாக உட்கார்ந்து உண்போம். புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், வடை எல்லாம் அம்மா விடியுமுன் எழுந்து செய்தவை. அவற்றைக் கட்டிக்கொடுத்துவிட்டு அவர் வீட்டில் இருப்பார். மாலையில் திரும்பும் பாத்திரங்களைத் திறந்து பார்த்துத்தான் அந்த உல்லாசப் பயணம் எப்படி இருந்தது என்பதை அறிந்துகொள்வார்.

“புளியோதர மிஞ்சிருக்கே, உப்புக் கூடிப்போச்சோ?” என்பார்.

“இல்லம்மா, வடையத் தின்னே வயிறு ரொம்பிருச்சு” என்பான் தம்பி.

இருபத்திரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் எட்டிப்போகும் தொலைவில் உள்ள அந்த மணலை, பொங்கல் கூட்டத்தோடு அம்மா ஒரு முறையும் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு மார்கழியில் அம்மாவுக்கு அடிக்கடி தலை வலித்தது. ஒரு நாள் கோலம் போட்டு நிமிர்ந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அழைத்தேன். “நல்ல நாள் வருது, இப்பப் போயி ஊசி மருந்துன்னு அலையவா? பொங்கல் கழியட்டும் பாப்பா” என்றார். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மாவு இடிக்க உட்கார்ந்துவிட்டார். நானும் பொங்கல் கழியட்டும் என்றே இருந்துவிட்டேன்.

மாட்டுப் பொங்கலன்று மாலை, கொம்புகளுக்குப் பூசிய வண்ணம் கையில் ஒட்டியிருக்க, அம்மா தொழுவத்தின் வாசலில் நின்று அப்பாவிடம் கேட்டார்:

“ஏங்க, இந்த வருசம் நானும் வாரேனே.”

அப்பா திரும்பிப் பார்த்தார். “நீ வந்துட்டா வீட்டுல யாரு இருக்கா? கதவப் பூட்டவா சொல்ற?”

அம்மா கையிலிருந்த வண்ணத்தைத் துடைத்துக்கொண்டார். நான் இடையில் புகுந்தேன். கதவைப் பூட்ட வேண்டியதில்லை, திறந்தே கிடக்கட்டும். நாங்கள் சித்தி என்று அழைக்கும் அடுத்த வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்வார். வீட்டைப் பூட்டாதே என்றுதான் வழக்கம் சொல்கிறதே தவிர, மனிதரைப் பூட்டிவை என்று சொல்லவில்லை என்றேன்.

“மேடையில பேசுற பேச்செல்லாம் எங்கிட்ட வேணாம்” என்றார் அப்பா.

“அப்பா, அக்கா கட்சிக்குத்தான் கைதட்டு. தீர்ப்பச் சொல்லிட்டு எந்திரிங்க” என்றான் தம்பி.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, வரட்டும். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுக் கெளம்பச் சொல்லு.”

மறுநாள் காலை அம்மா பொங்கல் சேலையை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டார். கனகாம்பரம் வைத்துக்கொண்டார். ஷேர் ஆட்டோ வந்ததும் அவர்தான் முதலில் ஏறி, ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தார். சோற்றுப் பாத்திரத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, “இந்தப் பக்கமா உக்காந்தா கம்மாய் தெரியுமா?” என்று ஓட்டுநர் அண்ணனிடம் கேட்டார்.

சித்தப்பா குடும்பமும் நாங்களும் ஏறியதோடு ஆட்டோ நிறைந்துவிட்டது. அப்போது அருப்புக்கோட்டை பஸ்ஸிலிருந்து அப்பாவின் தங்கையான அத்தை இரண்டு பிள்ளைகளுடன் இறங்கி வந்தார். வரவில்லை என்று போனில் சொல்லியிருந்தவர் அவர். பொங்கலுக்குப் பிறந்த வீடு தேடி வந்த பெண்ணை வாசலில் நிறுத்திவிட்டு எந்தக் குடும்பம் புறப்படும்? எவரும் எதையும் சொல்வதற்கு முன் அம்மா இறங்கினார்.

“மதினி, நீங்க ஏன் எறங்குறீக? நான் புள்ளைகள மடியில வச்சுக்கிடுறேன்” என்று அத்தை பதறினார்.

“சோறு கட்டியாச்சு, எல வச்சாச்சு. நான் வந்து என்ன செய்யப் போறேன்? அங்கன மாடு வேற கத்துது. நீ ஏறு தாயி.”

அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி என்னைப் பார்த்தான். நான் இறங்கியிருக்கலாம். முதல் நாள் அத்தனை நியாயம் பேசியவள் நான். எனக்கு அந்த இருக்கை ஒரு பொருட்டே அல்ல. ஆண்டுதோறும் போய் வந்த இடம்தான். ஆயினும் நான் எழவில்லை.

“அடுத்த வருசம் கண்டிப்பாப் போவோம்மா” என்றேன்.

“ஆகட்டும் பாப்பா” என்றார் அம்மா. அந்த ‘அடுத்த வருசம்’தான் நான் அவரிடம் பேசிய கடைசி வாக்கியம்.

குண்டாற்று மணலில் அன்று நல்ல கூட்டம். உண்டு முடித்ததும் பக்கத்துக் குடும்பத்தார் என்னை அடையாளம் கண்டு, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று பேசினேன். காணும் பொங்கல் என்பது உறவைக் காணும் நாள், தமிழரின் பண்பாடு பகிர்ந்துண்ணலில் வாழ்கிறது என்றேன். கைதட்டினார்கள். அந்த நேரத்தில் பையினுள் என் போன் நான்கு முறை அடித்து ஓய்ந்திருக்கிறது. நான்கும் அடுத்த வீட்டுச் சித்தியின் அழைப்புகள்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன அம்மா தொட்டியின் அருகே விழுந்து கிடந்திருக்கிறார். எவ்வளவு நேரம் கிடந்தார் என்று எவருக்கும் தெரியாது. மோர் கேட்டு வந்த சித்திதான் கண்டிருக்கிறார். நாங்கள் ஆஸ்பத்திரியைச் சென்றடைந்தபோது அம்மாவைத் துணியால் மூடியிருந்தார்கள். இரத்தக் கொதிப்பு மிகுந்து மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது, முன்பே தலைவலி இருந்திருக்குமே என்று மருத்துவர் கேட்டார். இருந்தது என்று சொன்னேன்.

எங்களுடன் வந்திருந்தாலும் அம்மா பிழைத்திருப்பார் என்று நான் வாதிட மாட்டேன். அது மணலிலும் நடந்திருக்கலாம். ஆனால் அங்கே பத்துப் பேர் கை நீட்டித் தாங்கியிருப்பார்கள். அவர் தலை மண்ணில் கிடந்திருக்காது. கண் மூடுமுன் எங்கள் முகங்களைக் கண்டிருப்பார். இதற்கு மறுப்புரை சொல்ல ஓராண்டாக முயல்கிறேன், இயலவில்லை.

அம்மாவைத் தன் மடியில் கிடத்தி ஆஸ்பத்திரி வரை சென்ற அடுத்த வீட்டுச் சித்திக்கும், எங்களை ஏற்றிக்கொண்டு வழியில் எங்கும் நிற்காமல் விரைந்த ஆட்டோ அண்ணனுக்கும், பண்டிகை உடையிலேயே ஓடி வந்து பந்தல் போட்ட ஊராருக்கும், பதினாறு நாளும் எங்கள் மாடுகளுக்குத் தீவனம் வைத்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் தலைவணங்கி நன்றி சொல்கிறது. அத்தைக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஓராண்டாக நீங்கள் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. பிழை உங்களுடையதன்று. நான் எழுந்திருக்க வேண்டிய இடம் அது. நினைவு நாளுக்கு அவசியம் வாருங்கள்.

உறவினர் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. துக்கத்துக்கு வந்தவர்களில் பலர், “நல்ல நாள்ல போயிருக்கா, மகராசி” என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். ஆறுதலாகத்தான் சொன்னீர்கள் என்பதை அறிவோம். நினைவு நாளன்று வந்து அமர்ந்து உண்ணுங்கள்; அம்மாவைப் பற்றி நிறையப் பேசுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அம்மாவுக்கு அன்றைக்குக் குண்டாற்று மணலுக்குப் போகத்தான் ஆசை இருந்தது. நாங்கள் அவரை விட்டுவிட்டுப் போனோம்.