தண்ணீர்க் கணக்கில் சேராத சூப்

என் அண்ணன் அருள்குமார் என்னைவிட இரண்டு வயது மூத்தவன், ஐம்பத்திரண்டு ஆகிறது. கணபதி என்ற பகுதியில் மோட்டாருக்குச் செப்புக் கம்பியால் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். பெண் பார்த்துப் பார்த்தே தலை நரைத்துவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு பேர் இப்படி இருப்பதால் இப்போதெல்லாம் யாரும் காரணம் கேட்பதில்லை.

நான்கு வருடத்துக்கு முன் அம்மா போனதும் அடுப்பு அவன் கைக்கு வந்தது. முதல் ஆறு மாதம் அவன் வைத்த குழம்பை அப்பா தம்பிதுரை குறை சொல்லாமல் சாப்பிட்டதே பெரிய காரியம். சூப் மட்டும் எப்படியோ அவனுக்குக் கைவந்துவிட்டது. ஐப்பசியில் குளிர் இறங்கியதும் அப்பாவுக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து மாசி வரை தினமும் ஆறு மணிக்கு ஒரு பெரிய டம்ளர் சூப். கொள்ளு ஒரு நாள், முருங்கைக்கீரை ஒரு நாள், ஞாயிறு என்றால் ஆட்டுக்கால். "சத்தெல்லாம் அந்தத் தண்ணியிலதான் அம்மணி இருக்குது" என்று எனக்கே பாடம் எடுப்பான். பகலில் இரண்டு பேரும் பேசுவது பத்து வார்த்தை தேறாது. சூப் குடிக்கும் அந்த அரை மணி நேரம் மட்டும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள்.

போன கார்த்திகையில் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டிருப்பது தெரிந்தது. நாளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான், அதற்கு மேல் ஒரு மடக்குகூடக் கூடாது என்றார் டாக்டர். அண்ணன் அன்றைக்கே ஒரு லிட்டர் பாட்டிலில் வேளைக்கு இவ்வளவு என்று பெயிண்டால் கோடு போட்டுவிட்டான். அப்பா தாகம் என்று கூடக் கொஞ்சம் கேட்டால் அதட்டினான். சூப் மட்டும் வழக்கம்போல ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்தது. அதுவும் தண்ணீர்தான் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குச் சூப் என்றால் சாப்பாடு, மருந்து, தெம்பு. நான் வாழ்க்கைப்பட்ட கோபியிலிருந்து பார்க்க வந்திருந்த அன்று, "இன்னுங் கொஞ்சம் குடிங்கப்பா" என்று இரண்டாவது டம்ளரை நானே ஊற்றிக் கொடுத்தேன்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னென்ன கொடுக்கிறோம் என்று விசாரித்தார்.

"தண்ணி ஒரு லிட்டர்தானுங்க. சாயங்காலம் சூப்பு குடுப்பனுங்க, அது தனி" என்றான் அண்ணன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். குடிக்கிற எல்லாமே அந்த ஒரு லிட்டருக்குள்தான் என்றார். கொள்ளும் கீரையும் எலும்பும் இவருக்கு ஆகவே ஆகாது என்றும் சொன்னார்.

எனக்கு எப்போதும் புத்திக்கு முன்னால் வாய் போகும். வராந்தாவில் பத்து பேர் பார்க்க அவனைப் பிடித்துக்கொண்டேன். "அளந்து அளந்து குடுத்து அப்பனைக் கொன்னுபோடப் பாத்தியே, உனக்கு அறிவிருக்குதா?" அவன் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

எட்டாம் நாள் அப்பா வீடு திரும்பினார். நான் கூட இருந்து சமைத்தேன். அண்ணன் சமையலறைப் பக்கமே வரவில்லை. எட்டு மணிக்கு மேல் பட்டறையிலிருந்து வந்து, அப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். அப்பா தினமும் ஆறு மணிக்கு எழுந்து உட்கார்ந்து வாசலைப் பார்ப்பார்.

நான்காம் நாள் கேட்டார். "அண்ணன் ஏன் கண்ணு வாரதில்ல?"

"சூப்பாலதான இப்படி ஆச்சுங்கப்பா. பயந்துக்கிறான்."

"ரெண்டாவது டம்ளரு நீதான ஊத்துன?" என்றார் அப்பா. அவர் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். "நானுந்தான் ஊத்திக் குடுத்தேன் அண்ணா. அதை மறைச்சுப்போட்டு உன்னைப் பேசினேன். தப்பு என்னோடதும்தான்."

கையிலிருந்த செப்புக் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "நீ சொன்னது நெசந்தான் அம்மணி. இனி என் கையால அவருக்கு ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப ஆறு மணிக்கு அவரு யாரைத் தேடறாரு?"

அவன் கம்பியைக் கீழே வைத்தான். எழுந்து கடையைப் பூட்டினான்.

வீட்டுக்கு வந்து, டாக்டர் சொன்னபடி சுரைக்காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டான். சிறுநீரகத்துக்கு ஆகாத சத்து அதில் இறங்கிவிடுமாம், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சட்டியைப் பிடித்துக்கொண்டு தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு கொட்டினான். காயை மசித்து, புதுத் தண்ணீர் அளந்து ஊற்றி, உப்பில்லாமல் சீரகமும் மிளகும் மட்டும் தட்டிப்போட்டான். நூறு மில்லி. மருந்து மூடியால் மூன்று தடவை அளந்து பார்த்தான்.

அப்பா ஒரு கரண்டி வாயில் வைத்தார். "உப்பே இல்லியே."

"போடக் கூடாதுங்கப்பா."

"சரி, உக்காரு."

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தான். ஐந்து நிமிடத்தில் கிண்ணம் காலியானது. அவன் அதை வாங்கிக்கொண்டு எழுந்தபோது அப்பா அவன் கையைப் பிடித்தார்.

"நாளையிலிருந்து எனக்குக் காலைல காப்பி வேண்டாம். அந்த அளவையும் இதுல சேத்துப்போடு. அப்பத்தான் நீ இன்னுங் கொஞ்ச நேரம் உக்காருவ."

அண்ணன் மறுபடியும் உட்கார்ந்தான். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான்.