கோவிந்தப்பாவின் தமிழ்

பெங்களூர் காக்ஸ் டவுன் தமிழர்கள் மூன்று தேர்தலாக எம்.எல்.ஏ. கோவிந்தப்பாவுக்குப் போட்ட ஓட்டெல்லாம் உண்மையில் தனக்கோடியின் தமிழுக்குப் போட்டவை.

கோவிந்தப்பாவுக்குத் தமிழ் வராது. மேடையில் கன்னடத்தில் ஒரு வாக்கியம் பேசி நிறுத்துவார். பக்கத்தில் நிற்கும் தனக்கோடி அதைத் தமிழில் சொல்வாள். வீட்டில் தையல் வகுப்பு நடத்துகிறவளுக்கு இது கூலியில்லாத வேலை. அவர் அடைத்துக் கிடக்கும் சாக்கடையை மறந்தால் இவள் சேர்ப்பாள். "இந்த ஜனங்கள்" என்று அவர் அலட்சியமாகச் சொல்வது, இவள் வாயில் "என் உறவுகளே" என்று இறங்கும். மனிதரைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். தெருவுக்குத் தண்ணீர் வந்தால் சரி என்று நினைத்தாள். அழுக்கு தெரிந்தது அவளுக்கு மட்டும்தான்.

பாகிஸ்தானோடு போர் மூளும் என்று எல்லையில் படைகள் குவிந்திருந்த 2002-இல் அவள் மகன் சுனில் ராஜஸ்தான் எல்லையில் கண்ணிவெடி புதைத்துக்கொண்டிருந்தான். அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலிருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தவன். அக்டோபரில் படைகளைத் திரும்ப அழைப்பதாக அறிவிப்பு வந்தது. "போட்டதையெல்லாம் எடுத்துட்டு வந்துடறேம்மா" என்று போனில் சொன்னான். அன்றைக்கே அவன் மெத்தையை மொட்டைமாடி வெயிலில் போட்டாள்.

அந்த வாரக் கூட்டத்தில் கோவிந்தப்பாவைத் தேசப் பாதுகாப்பு பிடித்துக்கொண்டது. எல்லை எந்தப் பக்கம் என்று கேட்டால் ஓசூர் ரோட்டைக் கைகாட்டக்கூடியவர். தமக்குக் காவலாக வந்த இரண்டு கன்மேன்களில் ஒருவரைப் போலீஸ் திருப்பி எடுத்துக்கொண்டதற்குச் சோறு இறங்காமல் கிடந்தவர்.

பட்ஜெட்டில் பாதியை ராணுவத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றார். "பட்டாளத்துக்காரங்க குடும்பத்துக்கும் சேர்த்து" என்று தனக்கோடி வழக்கம்போல் ஒட்டுப் போட்டாள். அடுத்து, ஆயிரம் பேர் செத்தாலும் ஒரு சிப்பாய்கூடத் திரும்பக் கூடாது என்றார்.

அவள் நாக்கு பழக்கத்தில் நல்ல வார்த்தை தேடியது. நம் பிள்ளைகள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று சொல்லி ஒப்பேற்றிவிடலாம். அதற்குள் அவர் அவள் பக்கம் கையை நீட்டினார். இந்தத் தாயின் மகனும் அங்கேதான் இருக்கிறான், அவன் வர வேண்டாம் என்று இந்த அம்மாவே சொல்கிறார் என்றார். அவளை அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஹேளம்மா" என்றார். சொல்லம்மா.

தனக்கோடி சொன்னாள். முதல்முறையாகக் கஞ்சி போடாமல்.

"ஆயிரம் பேரு செத்தாலும் ஒருத்தனும் திரும்பி வரக் கூடாதுன்றாரு. எம் பையன் வர வேணாம்னு நானே சொல்றேன்றாரு. அவரு சொன்னதை அப்படியே சொல்லிட்டேன். நான் அப்படிச் சொல்லலை."

கோவிந்தப்பா கைதட்டலுக்குக் காத்திருந்தார். எதிரே இருந்த வீடுகளில் பாதி, பட்டாளத்துப் பென்ஷனில் நடப்பவை. ஒரு கையும் அசையவில்லை.

முன்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் சண்முகம் எழுந்தார். "தலைவரே, உங்க பின்னாடி நிக்கிற கன்மேனை முதல்ல பார்டருக்கு அனுப்புங்க. கூடவே நீங்களும் போங்க. நம்ம சுனில் பொதைச்சதை எடுக்க ஆள் வேணுமாம். உங்க எடைக்கு ஒரே மிதி போதும்."

கூட்டம் சிரித்தது. பாராட்டு என்று நினைத்துக் கோவிந்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். என்ன சொல்கிறார் என்று தனக்கோடியிடம் கேட்டார்.

அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் நல்ல கன்னடத்தில், கூட்டாமல் குறைக்காமல் அவருக்குச் சொன்னாள். எடையைப் பற்றியதையும் விடவில்லை.