மாமாவுக்கு எடுக்காத பரிசோதனை

குழந்தை இல்லையே என்று நான் அழுதது குறைவு. ஏன் இல்லை என்று யோசித்ததுதான் அதிகம்.

கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எனக்கு வேலை. அங்கே மெஷின் ஒன்று நின்றுபோனால், ஏன் நின்றது என்று திறந்து பார்க்காமல் யாரும் பேசமாட்டார்கள். என் விஷயத்தில் மட்டும் ஒருவரும் எதையும் பார்க்காமலேயே காரணம் சொன்னார்கள். நைட் ஷிஃப்ட் செய்வதால் உடம்பில் சூடு ஏறிவிட்டது என்றார் என் சித்தி. ஜாதகத்தில் ஏதோ இருக்கிறது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். லூனாஸ் மார்க்கெட்டில் கீரை விற்கும் அக்கா, கேட்காமலேயே, அன்னாசிப்பழத்தைத் தொடாதே என்றார்.

காரணம் எதுவும் சொல்லாதவர் என் மாமியார் ஒருவர்தான். அத்தை, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கி என் கணவரை வளர்த்தவர். இப்போது லூனாஸில் எங்களோடு இருக்கிறார். அவருக்குக் கேள்வி கேட்கிற பழக்கம் உண்டு. வீட்டில் ஏர்கோன் மாட்ட வந்த ஆளிடம், சுடுகாற்றை இந்தப் பெட்டி எப்படிக் குளிராக்குகிறது என்று கேட்டு, பதில் புரிகிறவரை அவரை ஏணியிலிருந்து இறங்கவிடவில்லை. ஆனால் நான்கு வருடத்தில் என்னிடம் அந்த ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்டதே இல்லை. நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் வேறொன்று இருந்தது எனக்கு அப்போது தெரியாது.

சுங்கைப்பட்டாணியில் டாக்டரைப் பார்க்க நாள் குறித்தபோது, என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ஷிஃப்ட் மாறும் நேரத்துக்கு ஆள் இல்லாவிட்டால் பெரிய ரகளையாகிவிடும். நான் வரட்டுமா என்று அத்தை கேட்டார். தனியாகப் போவதைவிட மேல் என்று சரி என்றேன்.

டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். மாமியாரும் உள்ளே வரலாமா என்று என்னிடம் கேட்டுக்கொண்ட பிறகே அவரை உட்கார வைத்தார். மாதவிலக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை, வலி உண்டா, முன்பு ஏதாவது ஆபரேஷன் செய்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இத்தனை நாள் யாரும் என்னிடம் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. பிறகு ஸ்கேன் செய்து, திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்துக்கு நடுவில் கறுப்பாகச் சின்னச் சின்ன வட்டங்கள். இவை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கருமுட்டை இருக்கிறது, மாதத்துக்கு ஒன்று பெரிதாகி வெளியே வரவேண்டும், உங்களுக்கு வளர்வதற்குக் கொஞ்சம் தாமதமாகிறது என்றார். எனக்குப் பயம் வரவில்லை. என் உடம்பில் இப்படி ஓர் இடம் இருப்பதை முப்பத்தோரு வயதில் முதல்முறையாகப் பார்க்கிறேனே என்றுதான் தோன்றியது.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தை, தானும் பார்க்கலாமா என்று மலாயில் கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து திரையருகே குனிந்தார். இது பிறக்கும்போதே இருக்குமா, வயதாக ஆகக் கூடுமா குறையுமா, தனக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டே போனார். நான் கேட்க நினைத்து வெட்கத்தில் விழுங்கிய கேள்விகளையெல்லாம் அவர் கேட்டுவிட்டார். டாக்டரும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

கடைசியில் டாக்டர் செய்யவேண்டியதைச் சொன்னார். எனக்கு ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஓர் எக்ஸ்ரே. கணவருக்கு விந்துப் பரிசோதனை.

"ஆம்பளைக்குமா?" என்று அத்தை தமிழிலேயே என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. வீடு வந்து சேரும்வரை காரில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

என் எக்ஸ்ரே வலித்தது. அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே செலுத்திய மருந்து திரையில் மெல்லிய இரண்டு கோடாக ஓடி, நுனியில் புகைபோல் பரவியது. அடைப்பு இல்லை என்று நர்ஸ் மிஸ்ஸி காதருகில் சொன்னார். வலியோடேயே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவரின் பரிசோதனைதான் பெரிய பாடு. லேபில் அதற்கென்று ஓர் அறை உண்டு. வெளியே நாலு பேர் உட்கார்ந்திருக்க நான் அந்தக் கதவைத் திறந்துகொண்டு போகமாட்டேன் என்றுவிட்டார். வீட்டிலேயே எடுத்துக்கொண்டு வரலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேரவேண்டும், போத்தலை உடம்போடு ஒட்டி வெதுவெதுப்பாக வைத்திருக்கவேண்டும் என்று லேபில் சொன்னார்கள். அந்தக் காலையில் நான் காரை ஸ்டார்ட் செய்ய, அவர் சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பின்கதவு திறந்தது. அத்தை, புடவை மாற்றி, கைப்பையோடு ஏறிக்கொண்டார். சுங்கைப்பட்டாணியில் பூஜைச் சாமான் வாங்கவேண்டுமாம்.

இறங்கச் சொல்ல நேரமில்லை. ஏர்கோனை நான் போடவில்லை. வழியில் பாயா பெசாரைத் தாண்டுவதற்குள் மூன்று பேருக்கும் வியர்த்து ஊற்றியது.

"ஏர்கோன் கெட்டுப் போச்சா?" என்றார் அத்தை.

இல்லை என்றேன்.

"அப்ப ஏன் போடல?"

என் கணவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. அத்தை அவருடைய கையையும், சட்டையையும், மூடியிருந்த ஏர்கோன் துவாரத்தையும் பார்த்தார். புரிந்துகொண்டார் போலிருக்கிறது. கைப்பையிலிருந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் வேகமா போலாம்லா" என்று மட்டும் சொன்னார்.

முடிவு கேட்கப் போனபோது மூவருமாகத்தான் போனோம். அத்தையை வெளியே இருக்கச் சொன்னால் கதவோரம் நின்று கேட்பார், உள்ளேயே வரட்டும் என்று என் கணவரே சொல்லிவிட்டார். விந்தணு எண்ணிக்கை போதுமான அளவு இருக்கிறது, ஆனால் வேகமாக நகர்கிறவை குறைவு என்றார் டாக்டர். சிகரெட்டை விடவேண்டும், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். நெடுநேரம் சூட்டில் உட்கார்ந்தே இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றதும், என் கணவர் தன்னுடைய பஸ்ஸின் இன்ஜின் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதை விளக்க ஆரம்பித்தார். அவர் குரலில் இருந்தது வருத்தமா நிம்மதியா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆக, இருவரிடமும் கொஞ்சம் கொஞ்சம் குறை இருந்தது. எனக்கு அது ஏனோ நல்லதாகப் பட்டது.

எழுந்திருக்கும் நேரத்தில் அத்தை டாக்டரிடம், தன் அண்ணனைப் பற்றி ஒன்று கேட்கலாமா என்றார்.

அவருடைய அண்ணன், என் கணவரின் மூத்த மாமா, இறந்து பல வருடமாகிறது. இரண்டு கல்யாணம் செய்தவர் என்று மட்டும் எனக்குத் தெரியும். மற்றதை அன்றுதான் கேட்டேன். முதல் மனைவிக்குப் பிள்ளை இல்லை. ஆறு வருடம் பொறுத்துவிட்டு, மலடி என்று சொல்லித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு இன்னொரு பெண்ணைக் கட்டி வைத்தார்கள். அவருக்கும் பிள்ளை இல்லை. குடும்பத்துக்கு ஏதோ சாபம் என்று பேசிக்கொண்டார்களே தவிர, யாரும் மாமாவின் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

அத்தை தனக்குத் தெரிந்த மலாயில் இதைச் சொல்லிவிட்டு, அப்படியென்றால் கோளாறு அண்ணனிடம் இருந்திருக்குமா என்றார். டாக்டர் யோசித்துத்தான் பேசினார். இருந்திருக்கலாம், ஆனால் பரிசோதனை செய்யாத ஒருவரைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்லமுடியாது என்றார்.

அத்தை என் பக்கம் திரும்பினார். "டெஸ்ட் எடுக்காம அண்ணன சொல்ல முடியாதுன்னா, அண்ணியையும் சொல்லியிருக்க முடியாதுதானே?"

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நான் மொழிபெயர்த்தேன். ஆமாம், சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர்.

முதல் அண்ணி இன்னும் இருந்தார். செமிலிங் பக்கம் தம்பி குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தார். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று அத்தை பிடிவாதமாக நின்றார். அண்ணியை அனுப்பிய நாளில் தான் சிறுமி என்றும், துணிப்பெட்டியைத் தோட்டத்து பஸ் நிற்கிற இடம்வரை தூக்கிக்கொண்டு போனது தானும் தன் அம்மாவும்தான் என்றும் சொன்னார். பழையதை ஏன் கிளறுகிறீர்கள், அவர்களே மறந்திருப்பார்கள் என்றார் என் கணவர். எனக்கும் தயக்கம் இருந்தது. எழுபதைத் தாண்டிய ஒருவரிடம் போய், உங்கள்மேல் தப்பில்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது சொல்வது நல்லதா கெட்டதா? ஆனாலும் அவர் என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாகவும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே காரை எடுத்தேன்.

அந்தம்மா ஒல்லியாக, நிமிர்ந்த முதுகோடு இருந்தார். அத்தையை உடனே அடையாளம் கண்டுகொண்டார். பசியாறுங்கள் என்று கோப்பியும் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தார். அத்தை மழையைப் பற்றிப் பேசினார், கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசினார், கிழங்கின் ருசியைப் பற்றிப் பேசினார். கேள்வி கேட்டே பழகியவருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒருவழியாக என்னைக் காட்டி, இவளுக்கு டெஸ்ட் எடுத்தோம், என் மகனுக்கும் எடுத்தோம் என்று ஆரம்பித்தார். டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னார்.

அந்தம்மா கிழங்கைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஆம்பளைக்கு எப்படிலா டெஸ்ட் எடுப்பாங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான் தடுமாறினேன். அத்தைதான் காப்பாற்றினார். போத்தல், சட்டை, ஏர்கோன் போடாத கார் எல்லாவற்றையும் விவரித்தார். அந்தம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். தம்பி மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். அத்தையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் ஒரு கட்டத்தில் முந்தானையால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நீ ஏன் அழுவுற? நீ சின்னப் புள்ள அப்ப," என்றார் அந்தம்மா.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அப்போதே தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு கோளாறு ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னதாகவும், அதை மாமியாரிடம் சொன்னபோது டிரஸ்ஸருக்கு ஊசி போடத்தான் தெரியும் என்று பதில் வந்ததாகவும் சொன்னார். அதில் கோபம் இல்லை. ஆறிப்போன ஒரு செய்தியைப்போலத்தான் சொன்னார். அதன் பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"உங்கண்ணன் ஒரு தடவை இங்க வந்தாரு. ரெண்டாவது கட்டி ரொம்ப வருஷம் கழிச்சு. அந்தப் புள்ளைக்கும் கொழந்த இல்லன்னு கேள்விப்பட்டிருந்தேன். சைக்கிள விட்டு எறங்கல. வாசல்ல நின்னு, பசியாறிட்டியான்னு கேட்டாரு. ஆச்சுன்னேன். போயிட்டாரு."

"அவ்வளவுதானா?" என்றார் அத்தை.

"அவ்வளவுதான். எதுக்கு வந்தாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நீ சொல்றதப் பாத்தா, அவருக்கே ஏதோ பட்டிருக்கும் போல."

அத்தைக்கு இது புதிய செய்தி. அண்ணன் எந்த வருடம் வந்தார், என்ன சட்டை போட்டிருந்தார், முகம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தம்மாவும் சலிக்காமல் சொன்னார். முகத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும், வெயில் கண்ணில் அடித்தது, சரியாகப் பார்க்கவில்லை என்றார். நாங்கள் கிளம்பும்போது ஒரு பையில் கிழங்கைப் போட்டுக் கொடுத்து, அடுத்த தடவை மகனையும் கூட்டிக்கொண்டு வா என்றார் அத்தையிடம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த எக்ஸ்ரே ரொம்ப வலிக்குமா என்று கேட்டார். ஆமாம், ஆனால் தாங்கிக்கொள்ளலாம் என்றேன். அந்தக் காலத்தில் அது இருந்திருந்தால் நானும் எடுத்துப் பார்த்திருப்பேன் என்றார்.

எங்கள் சிகிச்சை ஒன்றரை வருடம் ஓடியது. என் கணவர் சிகரெட்டை விட்டார், இரண்டு முறை தொட்டார், மறுபடி விட்டார். நான் முட்டை வளர மாத்திரை சாப்பிட்டேன். மாதாமாதம் திரையில் கறுப்பு வட்டங்களைப் பார்ப்பது பழகிப்போனது. விந்தைச் சுத்தம் செய்து நேராகக் கருப்பைக்குள் வைக்கும் முறையை முயன்றோம். முதல் தடவை கரு நிற்கவில்லை. அன்று நான் அழுதேன். கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாகவே அழுதேன். இரண்டாவது தடவை நின்றது. மகளுக்கு இப்போது மூன்று வயது.

அத்தை எதையும் மறைக்கவில்லை. கோயிலில், கல்யாண வீட்டில், பசார் மாலாம் இரவுச் சந்தையில், யாராவது மருமகளைப் பற்றிக் குறை சொன்னால், உன் மகனுக்கு டெஸ்ட் எடுத்தாயா என்று நேராகக் கேட்டுவிடுவார். இதனால் எங்களோடு பேச்சை நிறுத்திய குடும்பமும் உண்டு. போன மாதம் எங்கள் வீட்டு வரிசையில் புதிதாகக் குடிவந்த பெண், துணி காயப்போடும்போது தாழ்ந்த குரலில் என்னிடம் லேபின் விவரம் கேட்டாள். இருவரும் போங்கள் என்றேன். அவர் வரமாட்டார் அக்கா என்றாள்.

அன்று மாலையே அத்தை அவள் வீட்டு கேட்டுக்குப் போய், அவள் கணவனோடு வெகுநேரம் நின்று பேசிக்கொண்டிருந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சமையலைப் பார்க்கப் போய்விட்டார். அடுத்த வாரம் அவர்கள் இருவரும் சுங்கைப்பட்டாணிக்குப் போய்வந்தார்கள். முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை. அத்தை கேட்டிருப்பார்.