கழுத்தில் ஒட்டிய சுண்ணாம்பு

பேத்தி படிக்கிற கண்ணாடிக் கலைக்கூடத்துக்குப் போயிருந்தேன். சூளையிலிருந்து எடுத்த அச்சை அவள் தூரிகையால் தட்ட, வெள்ளைத் தூள் பறந்தது. எனக்கு அக்காவின் கல்யாணம் நினைவுக்கு வந்தது.

அது இரண்டாம் உலக யுத்த காலம். தூத்துக்குடி வீட்டில் அம்மா உடைந்த போத்தல்களைப் பொடித்து, களிமண் அச்சில் நிரப்பி, சூளையில் உருக்கி மாலைக்கான மணி செய்வாள். கண்ணாடி ஒட்டாதிருக்க அச்சில் சங்குச் சுண்ணாம்பு பூசுவாள். ஒவ்வொரு முறையும் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் பூச வேண்டும்; இல்லாவிட்டால் அது உதிர்ந்து மணியோடு ஒட்டிக்கொண்டு வரும். கல்யாண அவசரத்தில் சுரண்டாமலே பூசிவிட்டாள். அந்த மணிகளைக் கோத்து அக்காவுக்குப் போட்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் கொழும்பிலிருந்து வாங்கிய மாலை என்று சொல்லியிருந்தாள்.

கோயிலில் வியர்வை பட்டதும் மணிகளில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு கரைந்து அக்கா கழுத்தில் திட்டுத்திட்டாகப் படிந்தது.

"என்ன மதினி, பொண்ணுக்குத் தேமலா?" மாப்பிள்ளையின் அம்மா எல்லோர் காதிலும் விழக் கேட்டாள்.

"தேமல் இல்ல மதினி, சுண்ணாம்பு. மாலை நான் செஞ்சதுதான்," என்றாள் அம்மா. லேஞ்சித் துணியை நனைத்து, அத்தனை பேர் முன்னால் மகள் கழுத்தைத் துடைத்தாள். யாரோ சிரித்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கல்யாணம் நடந்தது. விருந்துக்கு அம்மா வரவில்லை. தேடிப்போனேன். பட்டுச்சேலையோடு சூளையடியில் உட்கார்ந்து அச்சுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, நீ போய்ச் சாப்பிடு," என்றாள், தலை நிமிராமலே.