டேப் அக்காவின் கோல்

என் வீட்டுக்காரியை அவ ஆபீஸ்ல டேப் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. கழுத்துல எப்பவும் ஒரு இஞ்சு டேப் தொங்கும். கல்யாண போட்டோவுலகூட அது இருக்கு. "அதைக் கழட்டித் தொலையேன்"னு அன்னைக்கே பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன். கேட்டால்தானே! போட்டோக்காரர் சிரிச்சார், அவளும் சிரிச்சா, நான் மட்டும் அந்தப் போட்டோவுல முறைச்சுக்கிட்டு நிக்கிறேன்.

நான் வெல்டர். நாள் பூரா நெருப்புக்கு எதிர்ல குந்தியிருக்கிறவனுக்கு மூக்கு மேல கோபம் வராம வேற என்ன வரும்? ஆனா வேலையில என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அவ ஒருத்தியைத் தவிர.

அவ முன்னால ஒரு சட்டைக் கம்பெனியில அளவு சரிபார்க்கிற வேலையில இருந்தா. கை நீளம் அரை சென்டிமீட்டர் கூடினாலும் சட்டை திரும்பிப் போயிடும். இருபத்திநாலு வயசுல ஈரமான மாடிப்படியில வழுக்கி விழுந்தா. முதுகெலும்புல அடி. அதுக்கப்புறம் இடுப்புக்குக் கீழ உணர்ச்சி அரைகுறை, கால் ரெண்டும் சுத்தமா ஓய்ஞ்சு போச்சு. அழுது முடிச்சுட்டுக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, வீல்சேர்ல உட்கார்ந்த முதல் நாளே ஆஸ்பத்திரிக் கதவையெல்லாம் அளந்தாளாம்.

என் பட்டறைக்கு அவ வந்தது முன் சக்கரத்துத் தண்டு உடைஞ்சதுக்காக. ஒட்டிக் கொடுத்தேன். குனிஞ்சு ஒரு பார்வை பார்த்துட்டு, "ஒரு நூல் சாய்ஞ்சிருக்கு"ன்னா. எனக்கு வந்ததே கோபம்! "யார்கிட்ட வந்து பேசுறே?"ன்னு எகிறினேன். ரசமட்டம் வச்சுப் பார்த்தேன். ஒரு நூல் சாய்ஞ்சிருந்தது. ரெண்டு மாசத்துல அவளையே கட்டிக்கிட்டேன், வேற என்ன செய்ய?

எங்க வீடு அப்பா கட்டினது. வாசல் எல்லாம் குறுகல். குளியலறை வாசல்ல அவ வீல்சேர் நுழையலை. நான் சும்மா இருப்பேனா? நாற்காலியைப் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போய், குறுக்குக் கம்பியை வெட்டி, பன்னிரண்டு சென்டிமீட்டர் குறைச்சு, திரும்ப ஒட்டிக் கொண்டுவந்தேன். வெண்ணெயில கத்தி போன மாதிரி உள்ள போச்சு. தெருவுல போறவங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அதுதான் என் கையில நடந்த வேலையிலேயே உசத்தின்னு ஏழு வருஷமா மார் தட்டிக்கிட்டிருந்தேன்.

அந்த ஏழு வருஷத்துக்கு நடுவுலதான் அவளுக்கு இந்த வேலை வந்தது. வெளிநாட்டு உதவியில ஒன்பது நாடுகள்ல கழிப்பறை, குடிதண்ணிக் குழாய், புயல் காப்பகம்னு கட்டுற ஒரு அமைப்பு. மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவுற மாதிரி கட்டணும், அதுக்கு ஆள் வேணும்னு விளம்பரம் போட்டிருந்தாங்க. இன்டர்வியூ மூணாவது மாடியில. லிஃப்ட் கிடையாது. எப்படி இருக்கு கதை!

இவ கீழ கார் ஷெட்டுல இருந்து போன் போட்டா. "நான் வந்துட்டேன். நீங்க எப்போ வர்றீங்க?"

நாலு பேர் ஃபைலைத் தூக்கிக்கிட்டு இறங்கி வந்தாங்க. ஏன் இந்த வேலைக்கு வர விரும்புறீங்கன்னு கேட்டதுக்கு, "மேல வர முடியாதவங்களைப் பத்தி மேலயே உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கீங்களே, அதான்"னு சொல்லிட்டா. வேலை போச்சுடான்னு வெளியில நின்ன நான் நினைச்சேன். ஆனா வேலை கொடுத்துட்டாங்க. அடுத்த மாசமே ஆபீஸும் கீழ்த்தளத்துக்கு இறங்கிடுச்சு.

அங்க ஒரு படிவம் இருந்தது, நாற்பத்திரண்டு பக்கம். சாய்தளம் இருக்கா, ஆமா. கைப்பிடி இருக்கா, ஆமா. இன்ஜினியர் ஏ.சி. ரூம்ல உட்கார்ந்து எல்லாத்துக்கும் "ஆமா" போட்டிருப்பார். இவ நேர்ல போய்ப் பார்த்தால் சாய்தளம் இருக்கும், மலை ஏறுற மாதிரி. "தம்பி, இது சாய்தளமா சறுக்குமரமா?"ன்னு அவரைக் கேட்டா. பாவம், அவர் முகம் செத்துப் போச்சு. "படிவத்துல சாய்தளம் இருக்கான்னு மட்டும்தான் கேட்டிருக்கு அக்கா"ன்னார். அதுவும் நியாயம்தானே?

அன்னைக்கு வீட்டுக்கு வந்து, "ஏங்க, எழுதப் படிக்கத் தெரியாத கொத்தனாரும் எடுத்துப் பார்த்தால் புரியணும். அப்படி ஒண்ணு வேணும்"னா. தச்சர்கிட்ட ஒரு மரக்கோல் செதுக்கச் சொன்னா. எழுபத்திரண்டு சென்டிமீட்டர். கோல் குறுக்கா நுழையற வாசல்ல வீல்சேர் நுழையும். சாய்தளத்துல ஒரு நுனியை ஊன்றி, கோலை மட்டமாப் பிடிக்கணும், மறு நுனிக்கும் தரைக்கும் இடையில மூணு விரலுக்கு மேல இருந்தால் இடிச்சுட்டுத் திரும்பக் கட்டணும். குழாய் உயரத்துக்கும் தாழ்ப்பாள் உயரத்துக்கும் கோல்ல ரெண்டு கோடு. முதல்ல கலர்ல போட்டிருந்தா. ஆபீஸ்ல கண் தெரியாத டெலிபோன் ஆபரேட்டர் ஒருத்தர், "அழகா இருக்கும்னு நம்புறேன். எனக்கு எந்தக் கலர்னு யாராவது சொல்லுவாங்களா?"ன்னு கேட்டார். மறுநாளே கலரை விட்டுட்டு வெட்டுத் தடம் போட்டா, விரலால தடவிப் பார்க்கிற மாதிரி.

அந்தக் கோல் ஊர் ஊராப் போச்சு. கொத்தனார்கள் இடுப்புல செருகிக்கிட்டுத் திரிஞ்சாங்க. தலைமை ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா விமானம் ஏறி வந்தாங்க. கோலை வச்சுக் கட்டின கழிப்பறையை நேர்ல பார்த்து, சரின்னு தோணினால் ஒன்பது நாட்டுக்கும் நாற்பத்திரண்டு பக்கத்தைத் தூக்கிப் போட்டுட்டு இதையே அனுப்புறதாப் பேச்சு. இல்லைன்னால் படிவமே இருக்கட்டும்னு முடிவு. மூணு வருஷ உழைப்பு அந்த ஒரு வாசல்ல நின்னுச்சு.

சின்ன ஆஸ்பத்திரி ஒண்ணை ஒட்டிக் கட்டின கழிப்பறை அது. உள்ள கைப்பிடிக் கம்பி பூரா என் வேலை. அதனால நானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போய் நின்னேன். ஆஸ்பத்திரி வாசல்ல சாவி செய்யுறவர் ஒருத்தர், அவரும் வீல்சேர்காரர்தான். முதல்ல அவர் போகட்டும்னு இவதான் சொன்னா.

சாவிக்காரர் சாய்தளத்துல ஜம்முனு ஏறினார். வாசல்ல நுழைஞ்சார். சக்கரம் போச்சு, கை போகலை. ஒரு தள்ளுத் தள்ளினார். சக்கரத்துக்கும் நிலைக்கும் நடுவுல விரல் முட்டி மாட்டி, தோல் உரிஞ்சு ரத்தம். மனுஷன் கையை வாயில வச்சுக்கிட்டார்.

இன்ஜினியர் ஓடிப் போய்க் கோலை வாசல்ல வச்சுப் பார்த்தார். அச்சு அசலாப் பொருந்துச்சு. "அளவு சரியாத்தான் இருக்கு. இவர் நாற்காலிதான் பெருசு"ன்னார். ஆபீஸ் மேனேஜர் இவ காதுல, "நீங்க ஒரு தடவை உள்ள போய்க் காட்டுங்க. போட்டோ எடுத்து முடிச்சுடலாம்"னு கிசுகிசுத்தார். அவ போயிருந்தால் நொடியில போயிருப்பா. கோல் ஒன்பது நாட்டுக்கும் போயிருக்கும். 'போயேன்டி'ன்னு என் மனசு அடிச்சுக்குது. பொய் சொல்லலை, அப்படித்தான் நினைச்சேன்.

அவ போகலை. கழுத்து டேப்பை உருவி சாவிக்காரர் நாற்காலியை அளந்தா. அறுபத்தெட்டு. அப்புறம் குனிஞ்சு தன்னோடதை அளந்தா. ஐம்பத்தாறு. ஊரையெல்லாம் அளந்தவ அதை மட்டும் அதுவரைக்கும் அளந்ததே இல்லை. தன் நாற்காலியை வாசல்ல நிறுத்தி, ரெண்டு பக்கமும் ஒரு முஷ்டி விட்டு, அதுதான் கோலோட நீளம்னு வெட்டியிருந்தா.

அந்த அம்மாவைப் பார்த்து நிமிர்ந்து சொன்னா. "இவர் நாற்காலி பெருசில்லை. எல்லா நாற்காலியும் இந்த அளவுதான். என்னோடதுதான் சின்னது. எங்க வீட்டு வாசலுக்காக என் வீட்டுக்காரர் இதை வெட்டிச் சின்னதாக்கினார். நான் அதை வச்சுக் கோலை வெட்டிட்டேன். தப்பு என்னோடது. இந்தக் கோலை அனுப்பாதீங்க."

அவ என்னைக் குத்திச் சொல்லலை. ஆனாலும் எனக்கு அந்த வெள்ளைச் சட்டைக்குள்ள உடம்பு கூசிப் போச்சு.

அந்த அம்மா சாவிக்காரர் விரலைப் பார்த்தாங்க, கோலைப் பார்த்தாங்க. ஒரே கேள்வி கேட்டாங்க. "சரியான கோல் எப்போ கிடைக்கும்?"

"நாளைக்குக் காலையில"ன்னா.

அன்னைக்குச் சாயங்காலமே தச்சர் தொண்ணூறு சென்டிமீட்டர்ல புதுக் கோல் செதுக்கிட்டார். கோல் நீண்டதால சாய்தளத்துக்கு மூணு விரல் நாலு விரலாச்சு. கூடவே ஒரு விதியும் சேர்த்தா: எந்த ஊர்ல கட்டினாலும், அந்த ஊர்லயே பெரிய நாற்காலி எதுவோ அது முதல்ல உள்ள போயிட்டு வரணும், அதுக்கப்புறம்தான் பூச்சு வேலை. கழிப்பறை வாசலை இன்ஜினியர் தானே நின்னு இடிக்க வச்சார். மறுவாரம் சாவிக்காரர் உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டு, "இனிமே யாரும் தட்டக் கூடாது"ன்னு உள்ளேயிருந்து சத்தம் போட்டார். கோல் ஒன்பது நாட்டுக்கும் போச்சு.

அதெல்லாம் பிறகு. புதுக் கோலை மடியில வச்சுக்கிட்டு அவ வீட்டுக்கு வந்தாளே, அந்தச் சாயங்காலத்துக்கு வர்றேன். அவ குளியலறைக்குப் போனப்போ, நாற்காலியோட பக்கத் தகடு அவ இடுப்புல அழுந்துறதை அன்னைக்குத்தான் கண்ணைத் திறந்து பார்த்தேன்.

"வலிக்குதா?"ன்னு கேட்டேன்.

"லேசா."

"எவ்வளவு நாளா?"

சேலையை விலக்கிப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் இடுப்புல தோல் கறுத்துத் தழும்பாயிருந்தது. ஏழு வருஷத் தழும்பு.

"ஏன்டி சொல்லலை? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"ன்னு கத்திட்டேன். கத்தும்போதே அழுகை வந்துடுச்சு.

"ஊரைக் கூட்டிக் காட்டினீங்களே. அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எப்படிங்க சொல்றது?"

இரும்பை வெட்டத் தெரிஞ்சவன் இரும்பை வெட்டினேன். வாசலை வெட்டலாம்னு இந்த மண்டைக்குத் தோணவே இல்லை. என் அப்பன் கட்டின சுவருக்காக என் பெண்டாட்டி இடுப்பை இறுக்கிட்டேன்.

பட்டறைக்கு ஓடிப் போய்ச் சம்மட்டியைக் கொண்டுவந்தேன். நிலையைப் பேர்த்தேன். செங்கல் செங்கலா விழுந்தது, வீடு பூரா தூசி. அவ முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டுக் கூடத்துல உட்கார்ந்திருந்தா. "போதும், நாளைக்குப் பார்த்துக்கலாம்"னு சொல்லுவான்னு நினைச்சேன்.

சக்கரத்தை உருட்டிக்கிட்டுப் பக்கத்துல வந்தா. புதுக் கோலை வாசல்ல குறுக்கா வச்சுப் பார்த்தா. நுழையலை.

"இன்னும் நாலு விரல்"னா.

இடிச்சேன்.