தம்பியின் பெட்டிக்கு ஒரு சிடி

ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் எங்கள் வீட்டில் பொட்டு வாங்கிக்கொள்ளும் சாமான்கள் நான்கு: என் கார், அம்மாவின் தையல் மிஷின், தேங்காய் துருவி, அப்புறம் இறந்துபோன என் தம்பியின் கேம் பெட்டி. மற்ற மூன்றும் உழைக்கிற சாமான்கள். கேம் பெட்டி என்ன உழைத்தது என்று ஒரு வருடம் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அந்த வருடம் பெட்டிக்குச் சந்தனம் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது.

தம்பி போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. டெங்கிக் காய்ச்சல். ஒரு திங்கட்கிழமை உடம்பு சுடுகிறது என்றான், அடுத்த திங்கட்கிழமை அவன் இல்லை. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறி, மலாக்கா பக்கம் அலோர் காஜாவில் ஒரு மலிவு வீட்டில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம்.

நான் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. மலாயில் கடிதம் எழுதுவதில் எனக்கு நல்ல பெயர். தோட்டத்து ஆட்கள் பஸ் ஏறி வந்து என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள். வேலை மனு, பள்ளிக்கூடம் மாற்ற மனு, அடையாள அட்டை காணாமல் போன மனு. எவர் வந்து கேட்டாலும் எழுதிக் கொடுத்தேன். என் தம்பிக்கு மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை.

அதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. கார் கழுவுகிற கடையில் மூன்று மாதம் வேலை பார்த்தவன், கையில் கிடைத்ததைக் கொண்டுபோய் மலாக்கா டவுனில் பழைய கேம் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். கூடவே அதற்கென்று ஒரு கீபோர்டு. எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அந்தச் சமயம் பார்த்து வந்து கேட்டான்.

"அக்கா, லேண்ட் ஆபீசுல ஆள் எடுக்கறாங்களாம். ஒரு லெட்டர் எழுதிக் குடுலா."

"வெளயாட நேரம் இருக்குல்ல? மொதல்ல நீயா எழுதிக் கொண்டா. அப்புறம் பாக்கறேன்."

"இதுவும் கம்ப்யூட்டர்தான்கா. ஒனக்குத்தான் தெரில."

நான் சிரித்தேன். நல்ல சிரிப்பு இல்லை அது. அதற்குப் பிறகு அவன் என்னிடம் சரியாகப் பேசவில்லை, நானும் விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் காய்ச்சல் வந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு அம்மா சொன்னார். "ஒனக்கு என்னமோ எழுதி வெச்சிருக்கேன்னு சொன்னான்டி. அந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்குன்னான்." விளையாட்டுப் பெட்டிக்குள் யாராவது எழுதி வைப்பார்களா? அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டினேன். எனக்குப் பயமும் இருந்தது என்பதை இப்போது சொல்லலாம். எழுதியிருந்தால் என்னைத் திட்டித்தான் எழுதியிருப்பான்.

இப்போது அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருக்கிறது. நான்தான் கூட்டிப் போகிறேன். போன மாதம், கையில் ஊசியோடு நாற்காலியில் சாய்ந்திருந்தபடி, "நான் போறதுக்குள்ள அவன் என்னா எழுதுனான்னு எனக்குச் சொல்லிடுடி" என்றார்.

அப்படி எதுவும் இருக்க முடியாது என்று அம்மாவுக்குக் காட்டத்தான் அன்றைக்கு இணையத்தில் தேடினேன். தேடியபோது தெரிந்தது வேறு. அந்தப் பெட்டியில் லினக்ஸ் ஓடும். லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்குகிற இலவச மென்பொருள். சிடியில் எழுதிப் பெட்டிக்குள் போட்டால், டிவியே கம்ப்யூட்டர் திரையாகிவிடும். கீபோர்டில் கடிதம்கூட எழுதலாம். எழுதியதை, பாதியில் விட்ட விளையாட்டைச் சேமிக்கும் சின்ன கார்டில் வைத்துக்கொள்ளலாம். இதுவும் கம்ப்யூட்டர்தான் என்று அவன் சொன்னது உண்மை.

அப்படியானால் அவனிடமும் ஒரு லினக்ஸ் சிடி இருந்திருக்க வேண்டும். அவனுடைய சிடிகள் எங்கே என்று அம்மாவைக் கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். மிளகாய்ச் செடிகளுக்கு மேல், கயிற்றில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மைனா வராமல் இருக்கவாம். வெயிலும் மழையும் பட்டு வெள்ளிப் பூச்சு உரிந்து, கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரிந்தது. ஒன்றில் அவன் மார்க்கர் பேனாவால் எழுதிய எழுத்து மங்கலாக மிச்சம் இருந்தது.

"என்னாம்மா இது! பொட்டிக்குச் சந்தனம் வெச்சீங்க, உசுரக் கொண்டுபோய் மொளகா செடியில மாட்டிட்டீங்களே!"

"அது பாட்டு தட்டுன்னு நெனச்சேன்டி. என் பிள்ள சாமான நான் வேணும்னேவா கெடுப்பேன்?" அம்மா அழுதுவிட்டார். கத்தியிருக்கக் கூடாது. என் வாய் எப்போதும் அப்படித்தான்.

ஆகவே சிடியை நானே செய்ய வேண்டியதாயிற்று. எழுதாத சிடி இப்போது யாரிடம் இருக்கிறது? அலோர் காஜாவில் நாலு கடை ஏறி இறங்கி, ஒரு ஸ்டேஷனரி கடையின் மேல் தட்டில் தூசி படிந்து கிடந்த பத்தை வாங்கினேன். சிடி எழுதும் கருவியை ஆபீஸ் ஸ்டோரிலிருந்து தேடி எடுத்தேன்.

முதல் சிடியைப் போட்டதும் பெட்டி அதைப் பாட்டு சிடி என்று நினைத்து, பாட்டு கேட்கும் திரையைக் காட்டியது. அம்மா செய்த அதே தப்பு. மறுபடி படித்தேன். ஒரே சிடியில் இரண்டு தவணையாக எழுத வேண்டுமாம்: முதலில் சில நொடி வெறும் மௌனம், பாட்டு மாதிரி, அதற்கப்புறம்தான் லினக்ஸ். இரண்டாவது சிடி கம்பெனி முத்திரையோடு நின்றுவிட்டது. பெட்டி முதலில் படிக்கும் கோப்பை முன்பின்னாகக் கலைத்து எழுத வேண்டும், பெட்டி அதைத் தானே அடுக்கிக்கொள்ளும் என்பதை நான் கவனிக்கவில்லை. மூன்றாவதில் வேகத்தைக் கூட்டி வைத்துக் கெடுத்தேன். ஒவ்வொன்றாகக் கெட்டபோது எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது. எனக்குச் சொல்லித்தர இணையம் முழுவதும் ஆள் இருக்கிறது. அவன் யாரிடம் கேட்டான்? வீட்டில் இருந்த ஒரே கிராணியிடம் கேட்க வழியில்லாமல் நான்தான் செய்து வைத்திருந்தேன்.

நான்காவது சிடி ஓடியது. ஒரு சனிக்கிழமை காலை. டிவியின் மூலையில் சின்ன பென்குயின் படம் வந்தது, கீழே வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. அம்மா கைகூப்பினார். ஆனால் கார்டு இல்லை என்றது. கழற்றிப் பார்த்தால், கார்டின் பல்லுக்குள் இருபது வருடச் சந்தனம் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, பல் குத்தும் குச்சியால் நோண்டி, ஒரு மணி நேரம் துடைத்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார்.

மறுபடி செருகினேன். கார்டில் ஒரே ஒரு கடிதம் இருந்தது.

திட்டு எதுவும் இல்லை. அது லேண்ட் ஆபீசுக்கு மலாயில் எழுதிய வேலை மனு. நீயாக எழுதிக் கொண்டா என்று நான் சொன்னேனே, அதை அவன் எழுதியிருந்தான். தெரியாத இடங்களில் மட்டும் நிறுத்தி, அடைப்புக்குறி போட்டு, ஆங்கில எழுத்தில் தமிழாக 'அக்காகிட்ட கேக்கணும்' என்று போட்டு, கேட்க வேண்டியதையும் குறித்து வைத்திருந்தான். நான்கு இடத்தில்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது இடத்தைத் தாண்டும்போது அழுதுவிட்டேன். நான் திருத்திக் கொடுப்பேன் என்று நம்பி எழுதியிருக்கிறான். ஒரு மாதம் அந்த வீட்டில் அவனும் இருந்தான், நானும் இருந்தேன். நான் ஒரு தடவை 'எழுதிட்டியாடா' என்று கேட்டிருந்தால் போதும்.

அம்மா என் முதுகில் கை வைத்தார். "கேட்டிருக்கான்ல? ஒக்காந்து அழுதுகிட்டிருந்தா? பதில் சொல்லு."

பழைய கார்டு, எதையாவது எழுதப் போய் இருப்பதும் அழிந்துவிட்டால்? அதனால் கீபோர்டைத் தொடவில்லை. டிவிக்கு மேல் சுவரில் இருந்த அவன் படத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஆபீசர் ஆணா பொண்ணா தெரியல, 'துவான்' போடவா 'புவான்' போடவா என்று கேட்டிருந்தான். "ரெண்டும் போடணும்டா, நடுவுல ஒரு கோடு."

கணக்குல ஃபெயில்னு எழுதணுமா? "வேணாம். பாஸானத மட்டும் எழுது. கேட்டா சொல்லிக்கலாம்."

அப்பா எறந்துட்டாருங்கறத எப்படி எழுதறது? "பேருக்கு முன்னாடி 'மெண்டியாங்'னு போடு." இதைச் சொல்லும்போது அந்த வார்த்தையை அவனுடைய மரணப் பத்திரத்துக்காக எத்தனை ஃபாரத்தில் எழுதினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி இடம், விண்ணப்பதாரரை நன்கு அறிந்த ஒருவரின் பெயர். அங்கே அவன் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருந்தான். 'அக்கா பேர் போடலாமா? ஏசுமா?'

அம்மா டார்ச்சை இன்னும் அணைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுடா," என்றேன். "என் பேரப் போடு. ஏசமாட்டேன்."